நாமோரி எல்லையைத் தாண்டிய சனிக்கிழமை

என் தம்பி நாமோரி செத்தது சனிக்கிழமை விடியற்காலையில். அவன் எந்த நாட்டுக்காரனாகச் செத்தான் என்பதை அன்று சாயங்காலம் வரைக்கும் ஒருத்தனாலும் சொல்ல முடியவில்லை.

குழி சரிந்துவிட்டது. உள்ளே இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து ஏறிவிட்டார்கள். இவன்தான் கடைசி. வெளியே எடுத்துப் போட்டபோது உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மூக்கிலும் வாயிலும் இமை மயிரிலும் செம்மண், அவ்வளவுதான். நான் அங்கேயேதான் இருந்தேன். என் பெயர் தெனென். மாலியிலிருந்து தம்பியோடு கினிக்குப் பிழைக்க வந்து, சிகிரி பக்கத்துத் தங்கக் குழிகளின் ஓரத்தில் மூன்று வருஷமாகத் தட்டைப்பயறு வடை சுட்டு விற்கிறேன். அன்றைக்கு எண்ணெய் காய்வதற்குள் கூச்சல் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேனா, அப்படியே போட்டுவிட்டு ஓடினேனா என்பது இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை.

அம்மாவுக்கு யார் போன் போட்டார்கள் என்றும் தெரியாது. போனை என் காதில் யாரோ வைத்தார்கள். எங்கள் ஊர் சோமாதுகு, எல்லைக்கு அந்தப் பக்கம் முக்கால் மணி நேரப் பாதை. அம்மா அழவில்லை.

"எவனோ உளறுறான். என் புள்ளையை நான் பாக்கணும். பாக்காம ஒரு பிடி மண்ணு போடக் கூடாது, சொல்லிட்டேன். பொழுது சாயறதுக்குள்ள கூட்டிட்டு வா" என்றாள்.

கூட்டிட்டு வா என்றுதான் சொன்னாள், தூக்கிட்டு வா என்று சொல்லவில்லை. அப்போது அது என் மண்டையில் ஏறவில்லை. குழிக்காரர்கள், இங்கேயே தொழுகை வைத்து அடக்கம் பண்ணிவிடு, ஏப்ரல் வெயில், தாங்காது என்றார்கள். எங்கள் வழக்கமும் அதுதான், செத்த இடத்தில் செத்த நாளிலேயே. ஆனால் அம்மா கேட்டுவிட்டாள். அதற்கு மேல் நான் யார் பேச்சைக் கேட்பது?

நாமோரியோடு ஒரே கயிற்றில் இறங்குகிறவன் லாஜி கெய்தா. மேலே ஏறி வந்த இரண்டு பேரில் ஒருத்தன். அவனிடம் பின்னால் பெட்டி வைத்த மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்று உண்டு. தம்பியோ நெட்டையன், வண்டிப் பெட்டியோ குட்டை. நீட்டிப் படுக்க வைக்க முடியவில்லை. நெல் மூட்டை ஒன்றைப் போட்டு அதில் சாய்த்து, முழங்காலை மடக்கி, உட்கார்ந்த மாதிரி வைத்து, தலையோடு கால் வெள்ளைத் துணியால் போர்த்தினோம். பக்கத்தில் நான் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். எல்லைக்குப் போய்ச் சேர்வதற்குள் உடம்பு அப்படியே விறைத்துவிட்டது.

போகிற வழியில் சுகாதார நிலையத்தில் ஒரு செத்ததற்கான சீட்டு வாங்கினோம். நர்ஸம்மா ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டு நின்றார். தலைப்பாகைத் துணி பாதி கட்டியும் கட்டாமலும் இருந்தது. நாமோரியை அவருக்குத் தெரியும். என்னிடம் எதுவும் கேட்காமல் இரண்டு வரி எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். எனக்குப் படிக்கத் தெரியாது. மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

பயறு வாங்க அடிக்கடி வருவதால் ஃபராகோலே எல்லை ஊர்ச் சந்தையில் என்னை எல்லாருக்கும் தெரியும். சாலைக்குக் குறுக்கே கினி போலீஸ் ஒரு கயிறு கட்டியிருக்கும். இருநூறு அடி தள்ளி மாலி போலீஸ் இன்னொரு கயிறு கட்டியிருக்கும். நடுவில் மாம்பழமும் செருப்பும் விற்கிற பெண்கள். எனக்குத் தெரிந்த நாளாக, அடையாளக் கார்டைத் தூக்கிக் காட்டினால் கயிறு இறங்கும். பக்கத்து நாடுகள் எல்லாம் சேர்ந்து கூட்டமைப்பு வைத்து, யாரும் எங்கேயும் போகலாம், வரலாம் என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஜனவரியில் எங்கள் நாடு அந்தக் கூட்டமைப்பிலிருந்து வெளியேறியது. பிறகு ரேடியோவில், பழைய கார்டு மறு அறிவிப்பு வரும்வரை செல்லும் என்றார்கள். எங்கள் ஊர்த் தண்ணீர் பம்பும் மறு அறிவிப்பு வரும்வரை ஓடாது என்று நாலு வருஷத்துக்கு முன்னால் எழுதிப் போட்டார்கள். அதனால் அந்த வார்த்தையை நான் நம்புவதே இல்லை.

கயிறு பிடிக்கிறவர் சிதிக்கி திராவோரே. கினிப் பக்கத்துப் போலீஸ், வயது ஐம்பத்தைந்துக்கு மேல். திராவோரே குலத்துக்கும் எங்கள் ஜாரா குலத்துக்கும் தாத்தனுக்குத் தாத்தன் காலத்திலிருந்து கேலி உறவு. பார்த்த இடத்தில் பயறு தின்னி, கழுதை என்று திட்டிக்கொள்ள வேண்டும். நீ என் அடிமை என்று அவர் சொல்வார், நீதான் என் அடிமை என்று நான் சொல்வேன். கோபப்பட்டால் அவமானம். அவரைக் கண்டதும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"வந்துட்டாளா பயறு தின்னி! துணி போத்தி என்னடி கடத்துறே?" என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். வந்தவர் துணியின் உருவத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"நாமோரி, அண்ணே" என்றேன்.

அவர் மெல்லத் துணியை விலக்கினார். மறுபடி மூடினார். பிறகு இடுப்பில் கை வைத்து, சந்தைக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"எந்திரிடா சோம்பேறி! வேலைக்குப் பயந்துக்கிட்டு செத்த மாதிரி நடிக்கிறியா? ஒரு சட்டிப் பயறையும் தின்னுட்டு மயங்கிக் கிடக்கான் பாரு! உன் எசமான் வந்து நிக்கிறேன், எந்திரிச்சு சலாம் போடு!"

அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். விடியலிலிருந்து அப்போதுதான் முதல் முறையாக அழுதேன். எங்கள் பக்கம் செத்த வீட்டில் கேலி உறவுக்காரர்தான் வந்து இப்படிப் பிணத்தைத் திட்ட வேண்டும். திட்டினால்தான் நெஞ்சு இறங்கும்.

"என்ன நடக்குது இங்க?"

சாலையோரப் போலீஸ் கொட்டகையிலிருந்து ஒரு இளம் ஆபீசர் வந்தார். பெயர் பெப்பே லுவா என்று பிறகு தெரிந்தது. கினியிலேயே தெற்கே காட்டு நாடு என்கிற பகுதிக்காரர். வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. எங்கள் பாஷையைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"சிதிக்கி, இறந்தவரை ஏன் திட்டுறீங்க? உங்களுக்குள்ள என்ன தகராறு?"

"தகராறா? இவன் என் அடிமை, சார்! என்னைக் கேக்காம செத்துட்டான். எனக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காம இவன் இந்தக் கயித்தைத் தாண்ட முடியாது!"

இது வழக்கம். கேலி உறவுக்காரர் பிணத்தை மறிப்பார், பாக்கு மாதிரி மெல்லுகிற கோலாக் கொட்டை நாலு கையில் வைத்தால் விட்டுவிடுவார். ஆபீசருக்கு இது எங்கே தெரியும்? பாக்கெட்டிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"சடலத்துக்கு உரிமை கோருறீங்களா? அப்போ இது நீதிபதிகிட்ட போகணும்" என்றார்.

சந்தைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு வந்ததே கோபம்! "ஐயா ஆபீசர், இந்தக் கிழவன் பேச்சை எழுதாதீங்க. இவன்தான் எங்க வீட்டு அடிமை. வெயில் ஏறுது, கயித்தை இறக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் குழப்பம் இரண்டு மடங்கானது. யாருக்கு யார் அடிமை என்று சிதிக்கியைக் கேட்டார். சிதிக்கி, அது காலங்காலமாகத் தீராத வழக்கு சார் என்றார். அந்த மனிதர் அதையும் எழுதினார் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. சீட்டைக் கேட்டார், கொடுத்தேன். தம்பியின் கார்டைக் கேட்டார், கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கார்டுல நாமோரி ஜாரா, மாலி நாட்டவர். இறப்புச் சீட்டுல நாமோரி கொந்தே, கினி நாட்டவர். இவங்க ரெண்டு பேர்" என்றார்.

"ரெண்டு பேரா? வண்டியில ஒருத்தன்தானே இருக்கான்!"

"அதைத்தான் நானும் கேக்குறேன். மத்தவர் எங்கே?"

எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆனது. ஜாராவும் கொந்தேயும் ஒன்றுதான். ஒரே குலம். மாலியில் இருக்கும்போது ஜாரா, எல்லை தாண்டிக் கினிக்கு வந்துவிட்டால் கொந்தே, செனகலுக்குப் போனால் இன்னொரு பெயர். வந்த ஊரில் என்ன பெயரோ அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், நாமும் திரும்பிப் பார்ப்போம். அதுதான் மரியாதை. குழிகளில் இவனை ஜாரா என்று கூப்பிட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. நர்ஸம்மாவும் கூப்பிடுகிற பெயரையே எழுதிவிட்டார். கொந்தே என்று எழுதிய பிறகு கினிக்காரன் என்று எழுதுவதற்கு யோசிப்பாரா? இந்தப் பாழாய்ப்போன இரண்டு வரியில் என் தம்பியை நாடு மாற்றிவிட்டார்.

நான் இதையெல்லாம் சொன்னேன். ஆபீசர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.

"அம்மா, நீங்க சொல்றதை நான் நம்புறேன். ஆனா எதைக் காட்டி நிரூபிப்பீங்க?"

சிதிக்கி முன்னால் வந்தார். "நான் நிரூபிக்கிறேன் சார். இங்க பாருங்க." என் பக்கம் திரும்பினார். "அடியே பயறு தின்னி! உங்க குலமே பொய்யன் குலம்! உங்க அப்பன் கழுதையைப் பாத்துச் சலாம் போட்டவன்!"

"உங்க அப்பன்தானே அந்தக் கழுதை!" என்றேன். என்ன செய்வது, வாய் தானாக வருகிறது.

"பாத்தீங்களா சார்? இவ ஜாரா. இவளைத் திட்டினேன், இவ என்னை அடிக்கலை. செத்தவன் கொந்தே. அவனையும் திட்டினேன், யாரும் என்னைக் கல்லால அடிக்கலை. வேற குலத்துப் பொணத்தை நான் இப்படித் திட்டியிருந்தா இந்தச் சந்தையில என் எலும்பு மிஞ்சுமா? அப்போ ரெண்டும் ஒரே குலம்தானே?"

கூட்டம், ஆமாம் ஆமாம் என்றது. எங்களுக்கு அது வெட்ட வெளிச்சம். ஆபீசர் பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"திட்டு வாங்கியதால் உறவு உறுதி… இதை நான் எந்தக் கட்டத்துல எழுதுறது?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

பிறகு அவரே யோசித்துச் சொன்னார். இவர் கொந்தே என்றால் கினிக்காரர். கினிக்காரரின் சடலத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப ஆறு காகிதம் வேண்டும், அதில் இரண்டு தலைநகரத்தில்தான் கிடைக்கும். இவர் ஜாரா என்றால் மாலிக்காரர். மாலிக்காரர் இங்கே தொண்ணூறு நாள்தான் தங்கலாம். மூன்று வருஷம் இருந்திருக்கிறார், எப்போது வந்தார் என்று முத்திரை இல்லை. அது தனிக் குற்றம். அதோடு மாலி இப்போது கூட்டமைப்பில் இல்லை. அப்படியானால் அந்தத் தொண்ணூறு நாள் இப்போதும் உண்டா என்பதே அவருக்குத் தெரியவில்லை.

"செத்தவனை ஜெயில்ல போடுவீங்களா?" என்றேன்.

"தெரியலை" என்றார். நிஜமாகவே தெரியாமல்தான் சொன்னார்.

அவர் போனை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போனார். நான் சீட்டை வாங்கிக்கொண்டு நடந்தே மாலிக் கயிற்றுக்குப் போனேன். நம் நாட்டுக்காரன், அவன் உதவாமல் இருப்பானா என்று ஒரு நம்பிக்கை. அங்கே ஒரு சார்ஜன்ட் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். சீட்டைப் பார்த்தார்.

"அக்கா, இதுல கினிக்காரர்னு போட்டிருக்கே. கினிக்காரர் பொணத்தை மாலிக்குள்ள விட மேலிடத்துல கேக்கணும். இன்னிக்குச் சனிக்கிழமை."

"அவன் கார்டு மாலி கார்டுப்பா!"

"கார்டு உசுரோட இருக்கிறவனுக்குத்தான். செத்துட்டா சீட்டுதான் பேசும். நான் சொல்லலை, அப்படித்தான்" என்றார்.

திரும்பி நடந்தேன். அந்த இருநூறு அடியில் நடுவில் நின்றுவிட்டேன். இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் கேள் என்கிறான், அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் கேள் என்கிறான். நான் எங்கே நிற்கிறேன்? யார் நாட்டில்? மாம்பழக்காரி ஒருத்தி என்னைப் பிடித்து நிழலில் உட்கார வைத்தாள்.

நான் வருவதற்குள் ஆபீசர் மூன்று இடத்துக்குப் போன் செய்திருந்தார். முதல் ஆள், பழைய விதிப்படி செய் என்றாராம். இரண்டாவது ஆள், பழைய விதி இல்லை, புதியது வரவில்லை என்றாராம். மூன்றாவது ஆள், நீ யார், எந்த ஊரிலிருந்து பேசுகிறாய் என்று இவரையே விசாரித்தாராம். நர்ஸம்மா போனை எடுக்கவில்லை. கல்யாண வீட்டு மேளத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

லாஜி என்னை ஓரமாக இழுத்தான். "அக்கா, இதெல்லாம் ஆகிற கதை இல்லை. முந்திரித் தோப்பு வழியா ஒத்தையடிப் பாதை இருக்கு. மாடு போவுது, சிமெண்ட் போவுது, ஊரே போவுது. நானும் இன்னும் ரெண்டு பேரும் தோள்ல தூக்கிட்டா கால் மணி நேரம். ஒரு பய கேக்க மாட்டான்."

அவன் சொன்னது சரிதான். மூன்று வருஷமாகப் பெருநாளுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம், கயிற்றடி நெரிசலில் நிற்காமல், நாங்களே அந்த வழியாகத்தான் போனோம். முத்திரை இல்லாததற்கும் அதுதான் காரணம். ஆனாலும் எனக்குப் பொங்கிவிட்டது.

"என் தம்பி என்ன கள்ளச் சிமெண்டா? மூணு வருஷம் மண்ணுக்கு அடியில எலி மாதிரி பூந்து பூந்து வேலை செஞ்சான். கடைசிப் பயணத்தையும் புதருக்குள்ள பூந்துதான் போகணுமா? ரோட்டு மேலதான் போவான். கயித்தை இறக்கி, ஆளு பாத்து, வழி விட்டுத்தான் அனுப்பணும். இல்லைன்னா நான் இங்கயே உக்காந்திருக்கேன்!"

ஆபீசர் காதில் அது விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் கத்தினேன். ஆனால் கத்தி முடித்ததும் பயம் வந்தது. நிழல் நீள ஆரம்பித்திருந்தது. அம்மா வாசலில் நிற்பாள். அங்கே குழி வெட்டி வைத்துக்கொண்டு ஆண்கள் காத்திருப்பார்கள். என் ரோஷத்துக்கு அவன் உடம்பு காத்திருக்குமா? லாஜி சொன்னபடியே போயிருக்கலாமோ? மண்டைக்குள் எதுவும் ஓரிடத்தில் நிற்கவில்லை.

ஆபீசர் கொட்டகைக்குள் போய், சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கைக்கு முன்னால் நின்றார். நெடுநேரம் நின்றார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அம்மா, இதுல என்ன போட்டிருக்குன்னா, செல்லுபடியாகிற கார்டு வெச்சிருக்கிற நபர், மறு அறிவிப்பு வரும்வரை, தடையில்லாம போகலாம், வரலாம். அவ்வளவுதான்."

"சரி?"

"இவர் நபர். கார்டு இருக்கு. கார்டு இன்னும் ரெண்டு வருஷம் செல்லும்." விரலை மறுபடி அந்த வரியில் வைத்தார். "மூச்சு இருக்கணும்னு இதுல போடலை. மூணு தடவை படிச்சுட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. சிதிக்கிக்கு விளங்கிவிட்டது. "யா அல்லா!" என்று மார்பில் கை வைத்துக்கொண்டார்.

"பொய் எழுத மாட்டேன்" என்றார் ஆபீசர். "உயிரோட போறார்னு எழுத மாட்டேன். பதிவேட்டுல அப்படி ஒரு கேள்வியே இல்லை. நர்ஸ் சீட்டு நாமோரி கொந்தேயோடது, அது இவர் இல்லை, அதை உள்ள வெச்சுக்கோங்க. போறவர் நாமோரி ஜாரா. ஆனா கார்டுல இருக்கிற முகமும் ஆளும் ஒண்ணான்னு நான் பாத்தே ஆகணும். எல்லாப் பயணிக்கும் அதுதான்."

துணியை விலக்கினேன். முகம் பூராவும் செம்மண் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. என் தலைத்துணியின் முனையை எச்சிலில் நனைத்து, இமை, மூக்கு, உதட்டோரம் எல்லாம் துடைத்தேன். சின்ன வயதில் பள்ளிக்கு அனுப்பும்போது இப்படித்தான் துடைப்பேன், நெளிவான். இப்போது நெளியவில்லை. சிதிக்கி தன் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்து, கொஞ்சம் சாய்த்து அழகு பார்த்தார். ஆபீசர் குனிந்து கார்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேசையில் உட்கார்ந்து பதிவேட்டை விரித்தார்.

"பயணத்தின் காரணம்?"

நான் லாஜியைப் பார்த்தேன். லாஜிதான் சொன்னான். "அம்மாவைப் பாக்க."

"எத்தனை நாள் தங்குவார்?"

 ஆபீசர் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுக்கோங்க. அச்சடிச்ச கேள்வி" என்றார். "சொந்த ஊருக்குத் திரும்புறவரை நாள் கேக்கத் தேவையில்லை." அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்தார். எழுந்து வந்து, தன் கையாலேயே கயிற்றை இறக்கினார்.

சிதிக்கி வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார். மாலி சார்ஜன்ட் டீத் தம்ளரோடு எழுந்தார். நான் தம்பியின் தோளை அணைத்து, அவனை என் மேல் சாய்த்துக்கொண்டிருந்தேன். சார்ஜன்ட்டுக்கு என்னைத் தெரியும், சற்று முன்னால்தான் பேசினோம். கார்டை வாங்கினார், முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவன் வாயத் திறக்க மாட்டான் சார்ஜன்ட், எசமான் பக்கத்துல நிக்கிறேன்ல, அந்தப் பயம்" என்றார் சிதிக்கி. 

சார்ஜன்ட் கார்டை என் கையில் கொடுக்கவில்லை. தம்பியின் சட்டைப் பையில் தானே வைத்தார். "நம்ம வீட்டுக்கு வந்துட்டே தம்பி. போ" என்றார். அவருக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று எனக்கு இன்றும் தெரியாது.

கயிறும், தொப்பியைத் திருப்பிக் கேட்காமலே நின்றுவிட்ட சிதிக்கியும் பின்னால் போனதும் எனக்கு உடம்பெல்லாம் லேசானது. ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. மண் ரோட்டில் வண்டி குதித்தபோதெல்லாம் அவன் தலை என் தோளில் தட்டியது. நான் பேச ஆரம்பித்தேன். பாத்தியாடா, ரோட்டு மேலயே வந்துட்டோம், உனக்கு ஒரு ஆபீசர் கயிறு இறக்கினான்டா என்றேன். அந்தக் காட்டு நாட்டு ஆபீசர் விரல் வைத்துப் படித்ததை நடித்துக் காட்டினேன். லாஜி திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ரோட்டைப் பார்த்தான். காற்று சிலுசிலுவென்று அடித்தது. அவன் தூங்குகிறான் என்று ஒரு நேரம் தோன்றியது, அடுத்த நேரம் இல்லை என்று தெரிந்தது, மறுபடி தூங்குகிறான் என்றே தோன்றியது. விடியலிலிருந்து எத்தனை பேர் அவன் யார், எவர், இருக்கிறானா இல்லையா என்று கேட்டுவிட்டார்கள். கடைசியில் எனக்கே நிச்சயமில்லாமல் போய்விட்டது.

துணி என் காலடியில்தான் கிடந்தது. அதை எடுத்து மறுபடி போர்த்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். தோன்றவே இல்லை.

சோமாதுகு வந்தபோது சூரியன் மரத்துக்கு மேலே இருந்தது, நேரம் இருந்தது. எங்கள் வீட்டு முற்றத்தில் ஊர் ஆண்கள் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா வெளி வாசலில் நின்றிருந்தாள். வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் பக்கத்தில், தொப்பியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, முகம் துடைத்து, அக்காள் தோளில் சாய்ந்து உட்கார்ந்து வருகிற நாமோரியைப் பார்த்தாள்.

"வந்துட்டான்!"

அந்தக் கூச்சலை நான் மண்ணுக்குப் போனாலும் மறக்க மாட்டேன். "நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல! உளறுறானுங்கன்னு சொன்னேன்ல! வந்துட்டான் பாரு, என் ராசா உக்காந்து வரான் பாரு!"

பாயில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். இரண்டு பேர் "அல்லாஹு அக்பர்" என்றார்கள். லாஜி வண்டியை நிறுத்தினான், ஆனால் இறங்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். அம்மா அதற்குள் உள்ளே ஓடிவிட்டாள். எழுபது வயதில் அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. சுரைக் குடுவையில் தண்ணீரோடு வந்தாள். எங்கள் வீடுகளில் பயணம் வந்தவனிடம் முதலில் எதையும் கேட்கக் கூடாது, தண்ணீர்தான் கொடுக்க வேண்டும்.

"அம்மா" என்றேன்.

"நீ சும்மா இருடி. புள்ளை களைச்சுப் போயிருக்கான். குடி ராசா, முதல்ல குடி, அப்புறம் பேசலாம்" என்று அவன் உதட்டில் குடுவையை வைத்துச் சாய்த்தாள். தண்ணீர் தாடையில் வழிந்து, சட்டைப் பையில் இருந்த கார்டை நனைத்து, மடக்கிய முழங்காலில் சொட்டியது. அம்மா தன் உள்ளங்கையால் அவன் வாயைத் துடைத்துவிட்டு, மறுபடியும் சாய்த்தாள்.

"தெனென், ஏண்டி இவன் குடிக்க மாட்டேங்கிறான்?" என்று கேட்டாள்.